ஃப்ளோரெஸ் தீவில் எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது: முதல் தடவை போகிறவர்களுக்கு

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் வடபகுதியில், பெட்டென் இட்சா ஏரிக்குள் இருக்கும் குட்டித் தீவு ஃப்ளோரெஸ். டிகால் என்ற பழைய மாயா நகரத்தின் கோயில்களைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் தங்குகிறார்கள். தீவை ஒரு சுற்றுச் சுற்றி வர இருபது நிமிடம் போதும். அதனால் “எங்கே அறை எடுத்தால் என்ன, எல்லாம் பக்கத்தில்தானே” என்று தோன்றும். அப்படி இல்லை. ஐம்பது அடி தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு விடுதிகளில் ஒன்றில் நிம்மதியாகத் தூங்கலாம். இன்னொன்றில் விடிய விடிய வியர்த்தபடி அடுத்த கட்டடத்துப் பாட்டைக் கேட்கலாம். நானும் மனைவியும் அறை மாறி, சாப்பாட்டுக்கு அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். மனைவி முட்டைகூடத் தொடாத சைவம் என்பதால் சாப்பாட்டுப் பகுதி கொஞ்சம் நீளும்.

விலைகள் எல்லாம் கெட்சால் கணக்கில். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 7.7 கெட்சால். இந்திய ரூபாயில் ஒரு கெட்சால் 11, 12 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை, சாப்பாட்டு விலைகள் நாங்கள் போனபோது பார்த்தவை, சீசனில் ஏறும்.

1. கிளம்பும் முன் காகிதங்கள்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு குவாத்தமாலா விசா வேண்டும். ஆனால் அமெரிக்கா, கனடா அல்லது ஷெங்கன் நாடு (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) ஒன்றின் விசா கையில் இருந்து, அது காலாவதி ஆகாமல் இருந்தால், பொதுவாகத் தனி விசா கேட்பதில்லை. இந்தச் சலுகையை நம்பிப் போகிறவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். டெல்லியில் உள்ள குவாத்தமாலா தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் விசா வகையைச் சொல்லிப் பதில் வாங்கி, அதை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் குடியேற்ற மேஜையில் வருவதைவிட, நீங்கள் விமானம் ஏறும் ஊரின் கவுன்ட்டரில்தான் அதிகம் வரும். அங்கே இருப்பவர் இந்தியக் கடவுச்சீட்டையும் குவாத்தமாலாவையும் ஒன்றாகப் பார்த்தே இருக்க மாட்டார். அப்போது காட்டுவதற்கு அந்தக் காகிதம்.

குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார், நிகராகுவா நான்குக்கும் சேர்த்துத்தான் 90 நாள் தங்க அனுமதி. நாட்டுக்கு நாடு தனித்தனி 90 நாள் என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள். பிரேசில், கொலம்பியா போன்ற மஞ்சள் காய்ச்சல் பகுதிகளிலிருந்து வருகிறவர்கள் தடுப்பூசி அட்டையைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

பெலீஸ் வழியாகத் தரைமார்க்கமாக வருவதாக இருந்தால் அந்த நாட்டு விசா விதியைத் தனியாகப் பாருங்கள். எல்லை தாண்டும்போது வெளியேறும் கட்டணம் 40 பெலீஸ் டாலர், அதாவது 20 அமெரிக்க டாலர். வேன் டிக்கெட்டில் இது சேராது.

கடவுச்சீட்டின் நகல் இரண்டு எடுத்து வையுங்கள். விடுதிகளில் நகலே போதும் என்கிறார்கள். டிகால் போகும் நாளில் மட்டும் அசலை எடுத்துக்கொள்ளுங்கள்.

2. தீவுக்குள் வந்து சேர்வது

குவாத்தமாலா சிட்டியிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம். இரவுப் பேருந்தில் எட்டு முதல் பத்து மணி நேரம். பேருந்து எதுவும் தீவுக்குள் வராது. ஏரிக்கரையில் இருக்கும் சாண்டா எலெனா ஊரின் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து தீவுக்கு ஏரியைக் குறுக்கே கடக்கும் ஒரு சாலை இருக்கிறது. படகு வேண்டாம். நம் ஊர் பஜாஜ் ஆட்டோக்கள்தான் அங்கேயும் ஓடுகின்றன. ஆளுக்கு 5 முதல் 10 கெட்சால். ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பெரிய பொறி இங்கேதான். லங்கின், அன்டிகுவா, பெலீஸ் பக்கமிருந்து வரும் சுற்றுலா வேன்கள் தீவுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும். நன்றாக ஆங்கிலம் பேசும் ஒருவர் ஏறுவார். “தீவில் பண இயந்திரம் கிடையாது, நீங்கள் சொல்லும் விடுதி நிரம்பிவிட்டது, டிகால் டிக்கெட்டை இப்போதே வாங்காவிட்டால் நாளை கிடைக்காது” என்று வரிசையாகச் சொல்வார். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லுங்கள். நாங்கள் வந்த வேன் ஒரு பயண முகவர் கடை வாசலில் அரை மணி நேரம் நின்றது. பைகள் கூரைமேல் கட்டியிருந்ததால் யாராலும் இறங்கி நடக்க முடியவில்லை. கைப்பையில் பணம், கடவுச்சீட்டு, தண்ணீர் மூன்றும் இருந்தால், காத்திருக்கலாம் என்கிற தைரியம் வரும். அவசரப்படுகிறவர்கள்தான் அங்கே டிக்கெட் வாங்குகிறார்கள்.

இன்னொன்று: தெற்கேயிருந்து பெட்டென் மாகாணத்துக்குள் நுழையும் சாலைகளில் பழ ஈ பரவாமல் தடுக்கும் சோதனைச் சாவடிகள் உண்டு. ஆரஞ்சு, மாம்பழம், கொய்யா எல்லாவற்றையும் வாங்கிவைத்துக்கொள்வார்கள். இரவுப் பயணத்துக்குப் பழத்தை நம்ப வேண்டாம். பிஸ்கட், வறுத்த கடலை போதும்.

3. பணம்

சாண்டா எலெனாவில், பாலச் சாலை முடியும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வணிக வளாகம் இருக்கிறது. பண இயந்திரம், சூப்பர்மார்க்கெட், மருந்துக் கடை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. தீவுக்குள் போவதற்கு முன் இங்கேயே பணம் எடுத்துவிடுங்கள். ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 2000 கெட்சால்தான் வரும், கட்டணம் தனி. கட்டடத்துக்குள், காவலாளி கண்ணில் படும்படி இருக்கும் இயந்திரமாகப் பாருங்கள்.

100 கெட்சால் நோட்டை ஆட்டோக்காரரிடமோ தெருக்கடைக்காரரிடமோ நீட்டினால் சில்லறை இருக்காது. சூப்பர்மார்க்கெட்டில் ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கி நோட்டை மாற்றிக்கொள்ளுங்கள். அட்டை வாங்கும் உணவகங்களில் சில அதற்கென்று தனியாக ஒரு சதவீதம் போடும். நீட்டும் முன் கேளுங்கள்.

4. எந்தப் பக்கம் அறை எடுப்பது

தங்குவது தீவுக்குள்ளேயே இருக்கட்டும். சாண்டா எலெனாவில் அறை மலிவுதான். ஆனால் ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திரும்ப ஆட்டோ தேட வேண்டும். அந்த ஊரில் மாலையில் உலாவவும் பெரிதாக ஒன்றும் இல்லை. விமான நிலையம் பக்கம் விடிகாலை வேலை இருக்கிறவர்களுக்கு மட்டும் அது சரி.

தீவை மூன்று துண்டாகப் பிரித்து யோசியுங்கள்.

மேற்குக் கரை: சூரியன் மறைவதை அறையிலிருந்தே பார்க்கலாம். அதற்காகவே விலை கூடுதல். மதியம் இரண்டு மணியிலிருந்து அந்தச் சூரியன் முழுக்க உங்கள் சுவரில்தான் அடிக்கும் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் சுவரைத் தொட்டால் இரவு பத்து மணிக்கும் சுடும். குடிக்கும் இடங்களும் பாட்டும் இந்தப் பக்கம்தான். குளிர்சாதனம் இல்லாத மேற்குப் பக்க அறையை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள். சூரியன் மறைவதைப் பார்க்க ஆசையா? கரையில் போய் உட்காருங்கள், காசு கிடையாது.

தெற்குக் கரை: பாலச் சாலை இறங்கும் இடம். ஆட்டோ, வேன், பயண முகவர்கள், விடிகாலை மூன்று மணிக்கு டிகால் போகும் கூட்டம், அவர்களைக் கூப்பிடும் ஹாரன். ஓரிரவு மட்டும் தங்கிவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு வசதி.

நடு மேடும் வடக்குப் பக்கமும்: எங்களுக்குப் பிடித்தது இதுதான். தீவின் உச்சியில் வெள்ளைத் தேவாலயமும் அதன் முன்னால் சின்னப் பூங்காவும் இருக்கின்றன. அதைச் சுற்றியுள்ள சந்துகளில் குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகள் உண்டு. கல் பதித்த ஏற்றம் என்பதால் உருளும் பெட்டி சிரமம். முட்டி வலிக்காரர்கள் யோசிக்கவும். ஆனால் காற்று வரும், இரவில் சத்தம் குறைவு, தண்ணீர் ஏறாது.

தண்ணீர் ஏறாது என்றதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த ஏரியிலிருந்து வெளியே ஓடும் ஆறு எதுவும் இல்லை. நல்ல மழை பெய்த வருடங்களில் நீர்மட்டம் ஏறினால் சட்டென்று வடியாது, மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். கரையோரச் சாலையின் சில பகுதிகள் கணுக்கால் தண்ணீரில் இருக்கும். விடுதி வாசலுக்குப் பலகை போட்டிருப்பார்கள். விடுதிகள் இணையத்தில் வைத்திருக்கும் படமோ, வறண்ட வருடத்தில் எடுத்ததாக இருக்கும். அதனால் கரையோர அறை எடுக்கிறவர்கள் இந்த மாதம் எடுத்த வாசல் படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். அந்த ஊரில் எல்லா வியாபாரமும் வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது; தயங்காமல் அனுப்புவார்கள்.

5. அறை விலையும் அந்த 22 சதவீதமும்

பொது அறையில் ஒரு கட்டில் 80 முதல் 130 கெட்சால். மின்விசிறி மட்டும் உள்ள தனி அறை 200 முதல் 300. குளிர்சாதனத்தோடு 400 முதல் 700. ஏரி பார்த்த மாடம், நீச்சல் குளம் என்று போனால் 800-க்கு மேல்.

குவாத்தமாலாவில் விடுதிக் கட்டணத்தின் மேல் 12 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் 10 சதவீதச் சுற்றுலா வரியும் உண்டு. மொத்தம் 22. பல இடங்களில் சொல்லும் விலை இது சேராதது. நாங்கள் முதலில் தங்கிய இடத்தில் 350 என்று பேசிய அறைக்குக் காலையில் வந்த ரசீது 427. கேட்டால் “வரி” என்று ஒரே வார்த்தை. ஆகவே விலை கேட்கும்போதே “இன்க்லுயே இம்புவெஸ்தோஸ்?” என்று கேட்டுவிடுங்கள், வரி சேர்த்தா என்று அர்த்தம். பதிலை எழுத்தில் வாங்குங்கள். சின்ன இடங்களில் ரொக்கமாகக் கொடுத்தால் சொன்ன விலையே கடைசி விலையாக இருப்பதும் உண்டு.

முன்பதிவு எப்போது? சாதாரண நாட்களில் ஓரிரவுக்கு மட்டும் பதிவு செய்துவிட்டு, வந்து நடந்து பார்த்து அடுத்த அறையை எடுப்பதே நல்லது. ஊர் அவ்வளவு சிறியது. இதற்கு விலக்கு இரண்டு. ஒன்று ஈஸ்டருக்கு முந்தைய வாரம். நாடே விடுமுறையில் இருக்கும், அறை கிடைக்காது, கிடைத்தால் விலை கேட்கவே முடியாது. இன்னொன்று ஜனவரி முதல் பாதி; 15-ஆம் தேதி முடியும் ஊர்த் திருவிழா. வெடிச் சத்தத்துக்குப் பழகிய நமக்கே விடிகாலை வெடி கொஞ்சம் அதிகப்படிதான்.

6. சாவி வாங்கும் முன் அறையில் பார்க்க வேண்டியவை

ஜன்னல் திறக்கிறதா, திறந்தால் கொசுவலை கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். டெங்கு உள்ள பகுதி இது. மின்விசிறியைச் சுழலவிட்டுப் பாருங்கள். மின்தடை சகஜம் என்பதால் ஜெனரேட்டர் உண்டா என்று கேளுங்கள். “சுடுநீர் உண்டு” என்றால் பெரும்பாலும் குழாய் முனையிலேயே பொருத்திய மின்சார ஷவர்தான். அதில் வெறும் வயர் தெரிந்தால் பச்சைத் தண்ணீரிலேயே குளித்துவிடுங்கள். அந்த வெயிலில் அதுவே சுகம்.

மின்சாரம் 120 வோல்ட், இரண்டு தட்டைக் கம்பி உள்ள அமெரிக்கப் பிளக். போன், மடிக்கணினி சார்ஜருக்கு அடாப்டர் போதும். ஊரிலிருந்து குட்டி ரைஸ் குக்கர், கெட்டில் கொண்டுபோகிறவர்கள் கவனிக்கவும்: 230 வோல்ட்டுக்குச் செய்தவை அங்கே அரைகுறையாகத்தான் சூடாகும். சமைத்துச் சாப்பிட நினைத்தால் சமையலறை உள்ள விடுதியாகவே எடுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். வரவேற்பறையில் பெரிய குடிநீர்க் கேன் வைத்திருக்கும் விடுதி என்றால், ஒரு நாளைக்குத் தண்ணீர்ச் செலவு மட்டும் 20, 30 கெட்சால் மிச்சம்.

7. சாப்பாடு: வேளைக்கு வேளை

காலையில் “தெசாயுனோ தீபிக்கோ” என்று கேட்டால் முட்டை, மசித்த கறுப்பு பீன்ஸ் (பயறு வகை), எண்ணெயில் பொரித்த பெரிய வாழைப்பழத் துண்டுகள், ஒரு துண்டு வெள்ளைப் பாலாடைக்கட்டி, துணியில் சுற்றிய சூடான டோர்ட்டியா என்ற சோள மாவு ரொட்டி வரும். 25 முதல் 40 கெட்சால். வயிறு மதியம் வரை தாங்கும். இதைக் கரையோரத்து அழகான காபிக் கடைகளில் சாப்பிட்டால் 50, 60 ஆகும். கூல் பீன்ஸ் என்ற தோட்டக் காபிக் கடை மாதிரி இடங்களில் காபிக்காக அந்தக் காசைக் கொடுக்கலாம். சாப்பாட்டுக்காகக் கொடுக்க வேண்டியதில்லை.

மதியம் “கொமெதோர்” என்று பலகை போட்ட சிறு சாப்பாட்டுக் கடைகளைத் தேடுங்கள். அன்றைய சாப்பாடு என்று ஒரே தட்டில் சோறு, குழம்பு மாதிரி ஒன்று, டோர்ட்டியா, ஒரு தம்ளர் குளிர்பானம். தீவில் இவை குறைவு. பாலத்தைத் தாண்டி சாண்டா எலெனா சந்தைப் பக்கம் நிறைய உண்டு, விலையும் கம்மி. பகல் ஒன்றரை மணிக்குமேல் போனால் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும்.

மீன் சாப்பிடுகிறவர்கள் ஏரியில் பிடிக்கும் “பிளாங்கோ” மீனைக் கேளுங்கள். முழு மீனைக் கீறி, உப்பும் எலுமிச்சையும் தடவி, மொறுமொறுவென்று பொரித்துத் தருவார்கள். சில உணவகங்களில் அதே பெயரில் பண்ணைத் திலாப்பியா வரும். முழு மீனாகக் கேட்டு, சமைக்கும் முன் காட்டச் சொன்னால் தெரிந்துவிடும். காரம் எதிலும் இருக்காது. மேஜையில் ஹபனேரோ மிளகாய் சாஸ் வைத்திருப்பார்கள். கேட்டால் நறுக்கிய மிளகாயே கொண்டுவருவார்கள். அதைத் துளித் துளியாகப் போடுங்கள். நம் ஊர்க்காரர் வீம்பு அங்கே செல்லாது.

தீவில் சாப்பிட வேண்டிய நேரம் என்றால் அது மாலைதான். ஐந்து மணிக்குமேல் ஏரிக்கரை நெடுக மேஜை போட்டு, வீட்டில் செய்ததைப் பெண்கள் கொண்டுவந்து விற்கிறார்கள். பொரித்த டோர்ட்டியாவின் மேல் பீன்ஸோ அவகாடோ மசியலோ தடவிய டோஸ்தாதா ஒன்று 5 கெட்சால் அளவில். டோர்ட்டியாவுக்குள் கறியோ பீன்ஸோ வைத்து மடித்த டாக்கோ, சுருட்டிய புரிட்டோ 15 முதல் 25. ஒரு மேஜை முழுக்கக் கேக் மட்டும் இருக்கும். மூன்று பால் ஊற்றி ஊறவைத்த கேக்கை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, துண்டு வெட்டும்போது அடியில் தேங்கிய பாலைக் கரண்டியால் அள்ளி மேலே ஊற்றித் தந்தார் ஓர் அம்மா. அங்கே நடந்தபடியே வயிறு நிறையச் சாப்பிட்டாலும் ஆளுக்கு 50 கெட்சால் தாண்டாது. உள்ளூர்க் குடும்பங்கள் எந்த மேஜையைச் சுற்றி நிற்கிறார்களோ அங்கே போங்கள். மூடாமல் வைத்த இறைச்சி, வெட்டிவைத்த பழம் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

உட்கார்ந்து சாப்பிட ஆசைப்பட்டால் தண்ணீர் மேல் பலகை போட்டுக் கட்டிய ராய்சேஸ், பாஸ்தாவுக்குத் தெராட்ஸோ. சுமாராக ஆளுக்கு 100 முதல் 150 ஆகும். ரசீதில் 10 சதவீதம் சேவைத் தொகை ஏற்கெனவே சேர்த்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் வையுங்கள்.

8. சைவக்காரர்களுக்குத் தனியாக

இங்கே “இறைச்சி வேண்டாம்” என்று சொன்னால் மாட்டிறைச்சி மட்டும் வராது, கோழி வரும். கோழியும் வேண்டாம் என்றால் மீன் வரும். எல்லாவற்றையும் பெயர் சொல்லித்தான் மறுக்க வேண்டும்: “சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ.” முட்டையும் வேண்டாதவர்கள் “சின் உவேவோ” சேர்க்கவும்.

அதற்குப் பிறகும் இரண்டு மறைவான இடங்கள் உண்டு. மசித்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது வழக்கம். “மந்தேகா” போட்டதா என்று கேளுங்கள். சோற்றுக்குக் கோழிச் சாறுப் பொடி போட்டு வேகவைப்பார்கள். “கொன்சொமே” என்று கேளுங்கள். இதை முகம் சுளிக்காமல் கேட்டால் சமையல்காரரே வெளியே வந்து எதில் என்ன இருக்கிறது என்று சொல்கிறார். இரண்டாம் நாளிலிருந்து மனைவிக்குத் தனியாக பீன்ஸ் எடுத்துவைத்த கடையும் உண்டு.

அலுத்துவிட்டால் லோஸ் அமிகோஸ் விடுதியின் தோட்ட உணவகத்தில் சைவப் பட்டியல் நன்றாகவே இருக்கிறது. அங்கே தங்க வேண்டும் என்பதில்லை. தங்குவதைப் பொறுத்தவரை அது இளைஞர் கூட்டம், சத்தம் உண்டு. சாண்டா எலெனா சந்தையில் அவகாடோ, தக்காளி, வெங்காயம், எலுமிச்சை, ஒரு கட்டு டோர்ட்டியா வாங்கினால் 25 கெட்சாலுக்குள் இரண்டு பேருக்கு ஒரு வேளை முடியும். இக்ஸ்பெலோன் என்றொரு பயறு போட்ட சோள மாவுக் கொழுக்கட்டை அந்த ஊர்ப்பக்கம் உண்டு. பயறைப் பார்த்தால் அது நம் காராமணிதான். கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அதிலும் கொழுப்புக் கேள்வியைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

9. டிகால் போகும் நாள்

தீவிலிருந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டர், வேனில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம். நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு 150 கெட்சால். சூரிய உதயம் பார்க்க இன்னொரு 100, அதோடு வழிகாட்டியும் கட்டாயம். வேன்காரர் சொல்லும் விலையில் நுழைவுச்சீட்டு சேர்ந்ததா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

உதயத்துக்காக விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினால் விடுதியில் காலை உணவு கிடைக்காது. அறை வாடகையில் காலை உணவு சேர்த்திருந்தாலும் அது போனது போனதுதான். எனவே அந்த இரவுக்குக் காலை உணவில்லாத விலையில் அறை கேளுங்கள். முந்தைய மாலையே கரை மேஜைகளில் பீன்ஸ் புரிட்டோ இரண்டு கட்டி வாங்கி, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரோடு பையில் போட்டுக்கொள்ளுங்கள். பூங்கா வாசலில் சாப்பாட்டுக் கடைகள் உண்டு, விலை தீவைவிடக் கூடுதல், உள்ளே நடக்க ஆரம்பித்த பிறகு திரும்பி வர மனம் வராது.

மதியம் வியர்த்து ஊறித் திரும்பும்போது பன்னிரண்டு மணி அறை காலி செய்யும் நேரம் தாண்டியிருக்கும். அன்று இரவே பேருந்து என்றால், பெட்டியை வைத்துக்கொள்ளவும் ஒரு தடவை குளிக்கவும் விடுவார்களா என்று முந்தைய நாளே பேசிவைத்துவிடுங்கள். சின்ன விடுதிகளில் சும்மாவே விடுகிறார்கள், பெரிய இடங்களில் 25, 30 கெட்சால் கேட்பார்கள். இரவுப் பேருந்துகள் சாண்டா எலெனா நிலையத்திலிருந்து கிளம்பும். தீவிலிருந்து ஆட்டோவுக்குக் கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் குளிர்சாதனம் நடுங்க வைக்கும், போர்வையைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிவிடாதீர்கள்.